இந்த மூஞ்சி எங்கெங்க போவுது?

என் முகத்தைச் சரிசெய்துகொள்ளப் போன இடத்தில் அந்த அக்கா முதலில் பார்த்தது என் செருப்பைத்தான். வாசலில் கழற்றி விட்டதை எட்டிப் பார்த்தார். குதிகால் பக்கம் தேய்ந்து, வார் நெடுகப் புழுதி ஏறியிருந்தது. அடுத்து என் ரவிக்கைக் கையைக் கொஞ்சம் மேலே ஏற்றச் சொன்னார். துணிக்குள் இருந்த மேல்கையையும் வெயிலில் கிடந்த முன்கையையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்கும் பிறகு சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"சொல்லும்மா. இந்த மூஞ்சி எங்கெங்க போவுது?"

எனக்குச் சுருக்கென்றது. ஐம்பத்தோரு வயதுக்காரியின் முகத்தை இப்படியா கேட்பார்கள்? நான் இருபத்திரண்டு வருஷமாகக் கடற்கரை விடுதி ஒன்றின் வரவேற்பு மேசையில் நிற்பவள். வருகிறவர்களிடம் 'வாங்க, வணக்கம்' என்று சொல்லிச் சொல்லி மரியாதை எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். வந்த வழியே இறங்கிப் போய்விடலாமா என்று நினைத்தேன். போகாததற்குக் காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த அழகு நிலையம் திருக்கழுக்குன்றத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு கைகழுவும் தொட்டி, மலை தெரிகிற ஒரு ஜன்னல், பச்சைத் திரை. 'பெண்கள் அழகு நிலையம்' என்று மட்டும் பலகை. தன் பெயரை அதில் கூடப் போட்டுக்கொள்ளாதவர் அவர். நானும் இங்கே எழுதப்போவதில்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் 'மாடி அக்கா'தான். இன்று அந்த மாடியில் செல்போன் உறை விற்கிறார்கள். அக்கா கடையை எடுத்துவிட்டுத் தம்பி குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். நான் வைத்திருக்கும் எண்ணில் இப்போது யாரோ ஒருவர் எடுத்து, அப்படி யாரும் இல்லை என்கிறார்.

அப்போது அவருக்கு அறுபது இருக்கும். ஒல்லி, உயரம், எப்போதும் பருத்திப் புடவை. அவர் முகத்திலும் கோடுகள் உண்டு. ஊருக்கெல்லாம் பண்ணிவிடுகிறீர்களே, உங்களுக்கு ஒன்றும் போட்டுக்கொள்ள மாட்டீர்களா என்று யாராவது கேட்டால், "இந்த மூஞ்சி எங்கியும் போவல, கடையிலயே கீது. அதுக்கு இன்னா அவசரம்?" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

அவருடைய கேள்விகளை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஊரப்பாக்கத்தில் மகள் வீட்டுக்கு வாராவாரம் ரயிலில் போகும் ஒரு அம்மாவிடம் "எந்தப் பக்கத்து ஜன்னல்ல குந்துவ?" என்று கேட்டார். இன்னொருத்தியிடம் மாடியில் துணி காயப்போடுவது எத்தனை மணிக்கு என்று கேட்டார். வெயில் காலத்தில் மலையேறுவாயா, அடுப்பு ஜன்னலோரமா, வண்டியில் போகும்போது முகத்தைச் சுற்றித் துணி கட்டுவாயா, கட்டினால் மூக்கு வெளியே தெரியுமா. தோல் வறட்சியா எண்ணெய்ப் பசையா என்பது கடைசியில்தான் வரும். வந்தவள் பதில் சொல்லச் சொல்ல நாட்காட்டித் தாள்களைப் புரட்டி, சில நாட்களின் மேல் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போடுவார். வட்டம் போட்ட நாளெல்லாம் வெயில் நாள். வட்டங்களுக்கு நடுவே பத்து நாள் இடைவெளி கிடைத்தால்தான் மேல்தோலை உரிக்கும் பீல் மருந்துப் பாட்டிலை எடுப்பார். கிடைக்காவிட்டால் எடுக்க மாட்டார். அழுதாலும் எடுக்க மாட்டார்.

ஒருமுறை நான் காத்திருந்தபோது ஒரு மளிகைக்கடை அம்மா வந்தார். அறுபதை நெருங்குகிறவர். மருமகள் வாங்கி அனுப்பிய ஒரு டப்பாவைப் பெருமையாக எடுத்து வைத்தார். பழக்கொட்டை ஓட்டைப் பொடித்துப் போட்ட ஸ்க்ரப். ஒரு மாதமாகத் தினமும் தேய்க்கிறாராம்.

"தேய்ச்சா மினுமினுன்னு கீது. ஆனா சாயந்தரமே எரியுது. ஏன்?"

அக்கா டப்பாவை வாங்கித் திறந்தார். மேசை இழுப்பறையிலிருந்து பழைய செல்போன் ஒன்றின் பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதன் மேல் ஒரு விரல் ஸ்க்ரப்பை வைத்து, அந்த அம்மா தேய்ப்பதாகக் காட்டிய அதே வேகத்தில் பத்துத் தடவை தேய்த்தார். கழுவித் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். உறை முழுக்கக் கீறல்.

"இது பிளாஸ்டிக்கு. உன் கன்னத்துல எத்தினி கோடு வுழுந்திருக்கும்னு நீயே பாத்துக்க."

மளிகைக்கடை அம்மா கன்னத்தைத் தொட்டுக்கொண்டார். "அப்போ வயசானா அழுக்குத் தோலை எடுக்கவே வேணாமா?"

"எடுக்கணும். சுரண்டாத, கரைச்சி எடு. அம்பதுக்கு மேல தோலு மெலிஞ்சிடும். காயம் பட்டா ஆற நாளாவும். பழைய வாயில் பொடவைய கல்லுல அடிச்சா தோய்ப்ப? ஊற வெச்சி அலசி எடுப்ப இல்ல, அப்டித்தான்." டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். "இத்த கால் வெடிப்புக்குத் தேய். மருமவ ஆசையா வாங்கிக் குடுத்தத வீசாத."

சிலர் நேராக லேசர் என்று கேட்டு வருவார்கள். "அது டாக்டர் வேலை, என்னுது இல்ல" என்று செங்கல்பட்டில் ஒரு தோல் மருத்துவரிடம் அனுப்புவார். மச்சம் பெரிதாகிறது, புள்ளி அரிக்கிறது என்றால் நாற்காலியில் உட்காரவே விட மாட்டார். ஊசி பதித்த உருளையை வாங்கி வீட்டில் தானே முகத்தில் ஓட்டிக்கொண்ட ஒருத்தியைத் திட்டிய திட்டு கீழே மருந்துக்கடை வரைக்கும் கேட்டது. அப்படித் திட்டினாலும் மறுநாள் அவள் வீட்டுக்கே போய்க் காயம் ஆறுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

ஊரே பேசிய சம்பவம் ஒன்றும் உண்டு. திருப்போரூர்ப் பக்கத்திலிருந்து மணப்பெண்ணின் அம்மா ஒருவர் காரில் வந்து இறங்கினார். கல்யாணத்துக்கு ஐந்தே நாள்.

"மேல்தோலே உரிஞ்சி புதுசா வரணும். கடுமையானதாவே போடுங்க. தாங்கிக்குவேன்."

"அஞ்சு நாள்ல உரியத்தான் உரியும். மேடையில உரிஞ்சிகினு நிப்ப."

"என்னை யார் பாக்கப் போறாங்க? பொண்ணத்தான் பாப்பாங்க."

"பொண்ணோட அம்மாவ பாக்காம யாரம்மா பாப்பாங்க? அதான் மாட்டேங்கறேன்."

அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தக் குச்சுக் கடைக்கு இவ்வளவு வாயா என்று கத்திவிட்டுப் படியிறங்கிக் காரில் ஏறினார். அக்கா பின்னாலேயே ஓடினார். செருப்பு கூடப் போடாமல் நடுத்தெருவில் நின்றுகொண்டு, நகர்ந்த காரைப் பார்த்து, "யம்மா! எவகிட்ட போனாலும் மருந்த மொதல்ல காதுக்குப் பின்னாடி வெச்சுப் பாக்கச் சொல்லு! காதுக்குப் பின்னாடி!" என்று கூவினார். பூ வாங்கிக்கொண்டிருந்தவர்களெல்லாம் தங்கள் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்களாம். சாயங்காலமே அந்த அம்மா காதுக்குப் பின்னால் சிவந்துபோய்த் திரும்பி வந்தார். அக்கா ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. முகத்தைக் கழுவி, ஈரப்பசை பூசி, புருவத்தைத் திருத்தி அனுப்பினார்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று நான் நினைத்ததுண்டு. முகத்துக்கு ஏதோ பூசுகிற வேலைதானே. எனக்கு அது புரிந்தது என் பொய்யால்தான்.

நான் அவரிடம் போன காரணத்தைச் சொல்கிறேன். விடுதிக்குப் புது மேலாளர் வந்திருந்தார். என் வயதில் பாதி இருப்பார். நல்ல பையன், யாரையும் மரியாதைக் குறைவாகப் பேச மாட்டார். பொங்கல் முடிந்த வாரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், சித்திரை ஒண்ணுல லாபியைப் புதுசா திறக்கிறோம். ஃப்ரண்ட்ல கொஞ்சம் ஃப்ரெஷ்ஷா இருக்கணும்னு நினைக்கிறாங்க. நீங்க பின்னாடி லினன் ரூமைப் பாத்துக்கோங்க, பெட்ஷீட், டவல் கணக்குதான். சம்பளம் அதேதான். உங்களுக்கும் ரெஸ்ட்."

அவர் சொன்னதில் 'பின்னாடி' என்ற சொல் மட்டும்தான் என் காதில் நின்றது. என் அம்மா வயல் வேலைக்காரி. பண்ணை வீட்டுக்குப் போனால் கொல்லைப்புறமாகத்தான் போவாள், கொல்லைப்புறமாகத்தான் வருவாள். முன்வாசல் எந்த நிறம் என்று அவளுக்குத் தெரியாது. அவள் மகள் நான், பன்னிரண்டாவது முடித்துத் தட்டச்சு படித்து, கண்ணாடிக் கதவு போட்ட முன்வாசலில் நின்று, வருகிறவர்களை உள்ளே வாருங்கள் என்று அழைக்கும் வேலைக்கு வந்தேன். முதல் சீருடைப் புடவையைக் கட்டிக்கொண்டு நான் அந்த மேசையில் நின்றதைப் பார்க்க அம்மா வந்தாள். வெளியே கேட்டிலேயே நின்றுகொண்டாள். நான் போய்க் கையைப் பிடித்து முன்வாசல் வழியாக உள்ளே கூட்டிவந்தேன். அந்த இடத்தை விட்டு லினன் ரூமுக்குப் போவதா? மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஆனால் மேலாளரிடம் சொல்ல வாய் வரவில்லை. கழிவறைக் கண்ணாடியில் பார்த்தேன். இடது கன்னத்தில் திட்டுத் திட்டாகப் புள்ளிகள், கண்ணோரம் கோடு, மூக்குப் பக்கம் சொரசொரப்பு. சரி, குறை முகத்தில்தானே, அதை மாற்றிவிடலாம் என்று கிளம்பினேன்.

அக்கா நாட்காட்டியும் பென்சிலுமாகக் கேட்டபோது எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் காரியம் ஆகாது. அதனால் வரிசையாகப் பொய் சொன்னேன். பேருந்து நிறுத்தத்தில் நிழல் இருக்கிறது என்றேன். அங்கே நிழலுக்கு ஒரு புல்லும் கிடையாது. எப்போதும் குடை பிடிப்பேன் என்றேன். குடை என்னிடம் இல்லவே இல்லை.

காதுக்குப் பின்னால் மருந்தைத் தொட்டு வைத்து மூன்று நாள் பார்த்தார். சிவக்கவில்லை. பாலிலிருந்து எடுக்கும் ஆசிட் என்று ஒன்றை, அதிலும் மென்மையானதைத் தேர்ந்தெடுத்தார். தடவுவதற்கு முன் நாட்காட்டியை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். கடைசியாக ஒன்று கேட்டார்.

"பத்து நாளு உச்சி வெயில் கூடாது. மாசி மகம் வருது. கடலுக்குப் போவியா?"

"இல்லக்கா. எங்க வூட்ல அந்தப் பழக்கமில்ல."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்தான்க்கா."

அவர் பென்சிலை எடுத்தார். என்னைப் பார்த்தார். பிறகு வட்டம் போடாமலே வைத்துவிட்டு, மருந்தை முகத்தில் தடவி, நிமிஷத்தை எண்ணிக்கொண்டே பக்கத்தில் நின்றார். குறுகுறுவென்றது, அவ்வளவுதான்.

ஆறாவது நாள் மாசி மகம். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமில்லையாம்! கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து ஒரு மகம் தவறியதில்லை. வேன் பிடித்து மாமியார், நாத்தனார், பிள்ளைகள் என்று மாமல்லபுரத்துக் கடற்கரைக்குப் போவோம். மூழ்கி எழுந்து, கரையில் மணலைக் குவித்துக் கற்பூரம் ஏற்றி, புளிசாதம் சாப்பிட்டுக் கிளம்ப நடுப்பகல் ஆகிவிடும். வரவில்லை என்று எப்படிச் சொல்வது? முகத்துக்கு மருந்து போட்டிருக்கிறேன் என்று மாமியாரிடம் சொல்ல எனக்கு வெட்கம். அரை மணி நேரம்தானே என்று இறங்கினேன். மேலே வெயில், கீழே தண்ணீர் திருப்பியடிக்கிற வெயில், உப்புக் காற்று. மூழ்கி எழுந்ததும் நாத்தனார் கன்னத்தில் அழுத்தி மஞ்சள் பூசிவிட்டாள். எரிந்தது. சிரித்துக்கொண்டே நின்றேன்.

மகம் முடிந்து நான்காம் நாள் இரண்டு கன்னத்திலும் மேலுதட்டிலும் அடிப்பிடித்த பாலின் நிறத்தில் தீவு தீவாகக் கருத்துவிட்டது. முன்பு இருந்தது தேவலாம் என்றாகிவிட்டது. மேலாளர் என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

முக்காடு போட்டுக்கொண்டு மாடி ஏறினேன். திட்டு விழும் என்று தயாராகத்தான் போனேன். அக்கா முக்காட்டை விலக்கிப் பார்த்தார்.

"எத்தினி மணி வரைக்கும் கடல்ல நின்ன?"

"பன்னண்டு."

"தலை மேல துணி?"

"இல்லக்கா."

அவர் வாடிக்கைக்காரர்கள் உட்காரும் நாற்காலியில் தானே உட்கார்ந்துவிட்டார். நான் நின்றுகொண்டிருந்தேன். ஜன்னலைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

"நான் மெட்ராஸ்ல ஒரு பெரிய பார்லர்ல வேலை செஞ்சேன். வாசல்ல ஒரு அம்மா பூ விக்கும். அதுக்கும் உன் வயசுதான். பொண்ணுக்கு நிச்சயம் வெச்சிருந்தாங்க. ஒரு நாளு உள்ள வந்து, எனக்கும் இந்த மூஞ்சிய கொஞ்சம் சோக்கா பண்ணி வுடுறியான்னு வெக்கமா கேட்டுச்சு. ஆசையா கேட்டுச்சேன்னு நல்லா கடுமையானதா போட்டு வுட்டேன். நாளைக்கு நீ எங்க இருப்பன்னு நான் கேக்கல. தெரியாம இல்லம்மா. தெனம் பாக்கறேன். வெயில்ல குந்திகினுதான் பூ கட்டும். தெனம் பாத்துகினே இருந்தேன், கேக்கல."

நாற்காலியின் கைப்பிடியை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"மூஞ்சி பூரா கருப்பாயிடுச்சு. அது போவவே இல்ல. அந்த அம்மா என்னை ஒரு வார்த்த திட்டல. ஒரு வாரம் பொறுத்துப் பாத்தா, கூடைய எடுத்துகினு வேற தெருவுக்குப் போயிடுச்சு. ஏன் தெரியுமா? தெனம் அது மூஞ்சிய பாத்தா எனக்குக் கஷ்டமா இருக்குமாம். பக்கத்துக் கடைக்காரர் கிட்ட சொல்லிட்டுப் போச்சாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "உங்க மேல இன்னாக்கா தப்பு? நான்தான் பொய் சொன்னேன்."

"நீ பொய் சொல்றன்னு எனக்குத் தெரியாதா? மகத்துக்குக் கடலுக்குப் போவாத வூடு இந்தப் பக்கத்துல எங்க கீது? வட்டம் போட பென்சிலத் தூக்கிட்டுக் கீழ வெச்சேன் பாரு, அதான் தப்பு."

பிறகு எழுந்து, என் முகத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார். ஆறும் வரை பீல் கிடையாது, தேய்ப்பது கிடையாது. ஈரப்பசை, சன்ஸ்க்ரீன், குடை. நான்கு மாதம் பொறுக்க வேண்டும். மங்கவில்லை என்றால் தோல் மருத்துவர்.

"சித்திரைக்கு இன்னும் இருபத்தஞ்சு நாள்தான்க்கா கீது" என்றேன். அப்போதுதான் முதல்முறையாக மேலாளர் விஷயத்தை, லினன் ரூமை, அம்மாவின் கொல்லைப்புறத்தை எல்லாம் கொட்டினேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

"இருவத்தஞ்சு நாள்ல ஆவாது. ஆவும்னு எவளாவது சொன்னா அந்தப் பக்கமே போவாத." கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "மூஞ்சிய இப்போ வுடு. அது நிக்கிற எடத்த நான் பாக்கணும். நாளைக்கு எத்தினி மணிக்கு ட்யூட்டி?"

மறுநாள் பிற்பகல் மூன்றரைக்குக் குடையும் கையுமாக விடுதிக்கு வந்துவிட்டார். காவலாளியிடம் "ரிசப்ஷன்ல கீற அம்மாவுக்கு நான் அக்கா" என்று சொன்னாராம். விறுவிறுவென்று முன்வாசல் வழியாக வந்து மேசைக்குப் பின்னால் என் பக்கத்தில் நின்றுகொண்டார். மேலாளர் வந்துவிடப் போகிறாரே என்று நான் உள்பக்கம் எட்டிப் பார்த்தேன். அவர் எதையும் கண்டுகொள்ளவில்லை. எங்கள் விடுதியின் பின்பக்கம்தான் கடல். முன்பக்கம் சாலையைப் பார்த்த மேற்கு. அந்தப் பக்கம் தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடிச் சுவர். நான் மேசையில் நின்றால் அது எனக்கு இடப்புறம். நாலு மணிக்கு வெயில் சாய்ந்து உள்ளே வந்து என் மேல் விழுந்தது. அக்கா ஒரு கையை என் இடது கன்னத்திலும் இன்னொரு கையை வலது கன்னத்திலும் வைத்தார்.

"இது சுடுது. இது சுடல." பிறகு என் இரண்டு முன்கைகளையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இடது கை ஒரு நிறம் கூடுதல் கருப்பு. இருபத்திரண்டு வருஷம் அந்தக் கைகளோடு இருந்திருக்கிறேன், நான் கவனித்ததே இல்லை. "மகம் ஒரு நாளு. இது இருவத்திரெண்டு வருசம். கண்ணாடிதான் கீதேன்னு நெனைச்சிகினு இருந்தியா? கண்ணாடி காத்தத்தான் நிறுத்தும்."

மேலாளர் வந்துவிட்டார். "யார் மேடம் இவங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "வா தம்பி. இங்க வந்து அஞ்சு நிமிசம் நில்லு" என்றார். மேலாளர் சிரித்துக்கொண்டே, பெரியவர் சொல்கிறாரே என்று என் இடத்தில் வந்து நின்றார். ஒரு நிமிஷம் ஆனது. கண்ணைச் சுருக்கினார். இரண்டு நிமிஷம் ஆனது. கையை நெற்றிக்குக் கொடுத்துக்கொண்டு மெல்ல வலப்புறம் நகர்ந்தார்.

"எங்க போற? இன்னும் மூணு நிமிசம் கீது" என்றார் அக்கா.

அந்த மேலாளர் நகர்ந்ததைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ வாய் வந்துவிட்டது. பொங்கலிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் வந்தது.

"சார், இதோ இந்த வலது கன்னம் எங்கம்மா குடுத்தது. இந்த இடது கன்னம் இந்த மேசை குடுத்தது. என் மூஞ்சி பழசாயிடுச்சுன்னு சொல்றீங்க. பாதி நீங்க பழசாக்கினது. மேசைய நகத்துங்க சார். நான் நகர மாட்டேன்."

லாபியில் பெட்டியோடு நின்ற இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். மேலாளர் என் பக்கம் திரும்பினார். என் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனால் மனசு பாரம் இறங்கினாற்போல் இருந்தது. அக்கா குடையை எடுத்துக்கொண்டு, "பஸ்ஸுல வலப்பக்கம் குந்தினா நெழலா வருமா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார்.

மூன்றாம் நாள் தச்சர்கள் வந்து அளவெடுத்துக்கொண்டிருந்தபோது மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், புதுசா வர்ற பொண்ணுங்களும் இங்கதானே நிக்கணும். நாலு மணிக்கு நீங்களே நின்னு பாத்துச் சொல்லுங்க, எந்த இடத்துல வெயில் வரலன்னு. அங்க மேசையைப் போட்டுடலாம்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்த லினன் ரூம் பேச்சை விட்டுடுங்க" என்றார்.

மேசை உள்சுவரோரம் போனது. சித்திரை ஒன்றாம் தேதி நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு, கருந்திட்டுகளை மறைக்கப் பவுடர் அப்பிக்கொள்ளாமல், அந்த மேசையில் நின்றேன். வந்தவர்களை வாருங்கள் என்றேன். ஒருவரும் என் கன்னத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

நான்கு மாதம் அக்கா சொன்னபடி ஒழுங்காக இருந்தேன். குடை வாங்கினேன். திட்டுகள் மெல்ல மங்கின. ஆடியில் ஒரு திங்கட்கிழமை, "இப்போ லேசா ஒண்ணு வெக்கலாம், வா" என்று கூப்பிட்டார். போனேன். பாட்டில், தூரிகை, கிண்ணம் எல்லாம் தயாராக இருந்தன. நான் நாற்காலியில் சாய்ந்தேன். அவர் ஆணியிலிருந்து நாட்காட்டியைக் கழற்றினார்.

"சொல்லும்மா. இந்த மூஞ்சி எங்கெங்க போவுது?"

"வெள்ளிக்கிழமை கிருத்திகைக்கா. திருப்போரூருக்குப் பால்குடம் எடுக்கறேன். மேசைக்காக வேண்டிகினது. பத்து மணிக்குக் கெளம்பினா சன்னதி போய்ச் சேர மத்தியானம் ஒரு மணி ஆவும். வெறுங்கால். குடை பிடிக்க முடியாது, ரெண்டு கையும் கொடத்துல இருக்கும். வழியில ஒரு எடத்துல கூட மரம் இல்ல."

அக்காவின் பென்சில் அப்படியே நின்றது. பிறகு வெள்ளிக்கிழமையின் மேல் வட்டம் போட்டார். ஒன்று போதவில்லை என்பதுபோல் அதன் மேலேயே இன்னொன்றும் போட்டார். பாட்டிலை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, ஈரத்துணியை எடுத்து என் முகத்தை ஒருமுறை துடைத்தார். "இன்னிக்கு ஒண்ணும் வேணாம். நல்லபடியா போய்ட்டு வா. அப்பால பாத்துக்கலாம்."

நான் எழுந்திருக்கப் போனேன். அவர் கை என் இடது கன்னத்தை விட்டு நகரவில்லை.

"ஏம்மா, நான் கேட்டிருந்தா அந்தப் பூக்கார அம்மாவும் இப்டித்தான சொல்லியிருக்கும்?"

"சொல்லியிருக்கும்க்கா" என்றேன்.